விருந்தாளிக்குப் பாடிய அம்பா

1

அம்மாவின் மூன்றாவது திதிக்குச் சில கிழமைகள் இருக்கும்போது தங்கச்சி வசந்தி உடப்பிலிருந்து தொலைபேசி எடுத்தாள். நான் அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நோர்வேயின் கரையோர நகரம் ஒன்றில், மீன் வெட்டும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் கையில் ஒரு வாடை இருக்கும். உடப்புக்காரனுக்கு அது ஒரு குறை இல்லை.

வசந்தி சுற்றி வளைக்காமல் விடயத்துக்கு வந்தாள். பெரியம்மா ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறாவாம், இந்த முறை திதிக்கு வரலாமா என்று. அப்பா வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டாராம்.

வாசிப்பவர்களுக்குப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் ஒரே அக்கா அவர். பெயர் மரகதம். உடப்பிலிருந்து சிலாபம் போகும் பக்கமாக ஐந்து மைல் தள்ளி, நம் ஆட்கள் தெற்குவாடி என்று சொல்லும் சின்னக் கரையில் வாழ்க்கைப்பட்டவர். அங்கே போய் அவர் பெற்ற பிள்ளைகள் எல்லோரும் சிங்களம் பேசுகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் தண்ணீர் கேட்கவும் தெரியாது. மூத்தவர் சுந்தரலிங்கம், எங்களுக்குப் பெரியண்ணன், பள்ளிக்கூடத்தில் சுனில் ஆனவர் பிறகு எங்கேயும் சுனில்தான்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா பெரியம்மாவோடு கதைத்ததில்லை. காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: "இனத்தை விட்டுப் போனவ." நாங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. சின்ன வயதில் எனக்குள் பதிந்த படத்தில், பெரியம்மா ஒரு நாள் காலையில் எழும்பி, தமிழைப் பழைய சேலை மாதிரிக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனவர்.

அம்மா செத்தபோது அவர் வந்திருந்தார். நான் இங்கிருந்து போய்ச் சேர்வதற்கிடையில் எல்லாம் முடிந்துவிட்டது. வசந்தி எடுத்த வீடியோவில்தான் பார்த்தேன். பெரியம்மா தன் தங்கச்சியின் காலைப் பிடித்துக்கொண்டு தமிழில் ஒப்பாரி சொல்லி அழுகிறார். பக்கத்தில் அவருடைய இரண்டு மகள்மாரும் வெள்ளை உடுத்து நிற்கிறார்கள். தாய் சொல்லும் ஒரு அடிக்கும் கூடச் சேர்ந்து குரல் கொடுக்க அவர்களுக்குத் தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அவவுக்கு இருதயம் சரியில்ல அண்ணா. அடுத்த வருசம் இருப்பாவோ தெரியாது. நீங்க அப்பாவிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்க" என்றாள் வசந்தி.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. யாரிடமும் ஒன்றைக் கேட்டு வாங்குவது எனக்கு வராது. அப்பாவிடம் அதைவிட வராது.

2

நான் கூச்சக்காரன். சாதாரண தரம் வரை படித்தவன். வீட்டுக்கு ஆள் வந்தால் கோப்பை கழுவுகிற சாட்டில் குசினிக்குள் நின்றுவிடுவேன். தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்காக எல்லோரும் காதை மூடிக்கொண்டு வேலை செய்வோம். அந்த வேலை எனக்கு இவ்வளவு காலம் பிடித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே வந்த புதிதில் அகதி விசாரணையில் ஒரு பெண் அதிகாரி எனக்கு முன்னால் இலங்கை வரைபடத்தை விரித்து வைத்தார். தமிழர் இருக்கும் இடங்களுக்கு ஒரு நிறம், சிங்களவருக்கு ஒரு நிறம், முஸ்லிம்களுக்கு ஒரு நிறம். என் ஊர் எங்கே என்று கேட்டார். விரலை வைத்தேன். நான் விரல் வைத்த இடம் வேறு நிறத்தில் இருந்தது. அவர் என்னையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். மொழிபெயர்க்க வந்தவர் யாழ்ப்பாணத்து ஆள். அவரும் என் தமிழைக் கேட்டுவிட்டு, "தம்பி, புத்தளத்துப் பக்கம் தமிழ்ச் சைவ ஆக்கள் இருக்கினமோ?" என்று மெல்லக் கேட்டார். திரௌபதி அம்மன் கோயில், தீமிதி, முன்னேஸ்வரம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு மனிதன் தன் ஊர் இருக்கிறது என்பதற்குச் சாட்சி சொல்ல வேண்டியிருந்ததை நினைத்து அன்றைக்கு வெளியே வந்து சிரித்தேன். அந்த நிறங்களை யார் தீட்டினார்கள், எதைப் பார்த்துத் தீட்டினார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மகள் மிதுனா இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். வாசலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று கதைப்பதுபோல இருக்கும். பழகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படிக்கப் போகிறேன் என்றபோது அது என்ன என்று கேட்டேன். மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அவர்களோடு இருந்து பார்த்துப் படிப்பதாம்.

என் மனைவி சுகந்தியும் உடப்புதான். அவளுக்குக் கூச்சம் என்றால் என்னவென்று தெரியாது. "அதுக்கு ஏன் இவ்வளவு பெரிய கட்டிடம்? எங்கட ஊர் மதகில ஒரு பின்நேரம் இருந்தாப் போதுமே. யார் யாரோட கோவம், யார் வீட்டில என்ன கறி எல்லாம் வந்திரும்" என்றாள்.

திதிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மிதுனா துள்ளிக்கொண்டு வந்தாள். கொழும்பிலிருந்து வயதான பேராசிரியர் ஒருவர் விரிவுரை செய்ய வந்திருக்கிறாராம். உங்கள் கரையைப் பற்றித்தான் பேசினார், இளவயதில் உடப்பில் ஒரு வருடம் தங்கியிருந்தாராம், சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன் என்றாள். அவள் எங்கள் ஊரின் பெயரை அவ்வளவு ஆசையோடு சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன மனிதர்.

3

மெலிந்த, நேராக நடக்கிற மனிதர். எண்பதை நெருங்கியிருப்பார். கதவைத் திறந்ததும் கைகூப்பி, "வணக்கம். நான் உங்கள் ஊர்ப் பிள்ளை" என்று தமிழில் சொன்னார். சிங்களவர். ஆனால் பழகிய தமிழ். சுகந்தி உருகிப்போனாள். நண்டுக் கறிக்கு மேல் இன்னொரு கறியும் வைத்தாள்.

மேசையில் அவர் மகளோடு ஆங்கிலத்திலும் என்னோடு சிங்களத்திலும் சுகந்தியோடு தமிழிலும் கதைத்தார். எனக்குச் சிங்களம் ஓரளவு வரும். மகளுக்கு அவர் ஆங்கிலத்தில் சொன்னதில் எனக்கு விளங்காததை அவள் நோர்வேஜிய மொழியில் சொன்னாள். நான் அன்றைக்குக் குசினிக்குள் போகவில்லை. அவர் சொன்ன கதை அப்படி.

சுதந்திரத்துக்குப் பிறகு படித்த முதல் தலைமுறைகளில் தாங்களும் ஒன்று என்றார். வெள்ளைக்காரன் எங்கள் மூக்கையும் மண்டையையும் அளந்து, இவன் இன்ன சாதி, இவன் இன்ன இனம் என்று எழுதிவைத்து அதன் மேல் நின்று ஆண்டான். அந்த அளவுகோல்களைத் தூக்கி எறிய வேண்டும் என்று எங்களுக்கு வெறி. நாங்களே எங்கள் மக்களிடம் போவோம், அவர்களோடு சாப்பிடுவோம், படுப்போம், அவர்கள் யார், அவர்களுக்கு என்ன தேவை என்று புதிய அரசுக்கு எடுத்துச் சொல்வோம். தன் மக்களைத் தெரியாமல் ஒரு நாட்டைக் கட்ட முடியாது என்று நம்பினோம். இதைச் சொன்னபோது அவருடைய முகம் இருபத்தைந்து வயது ஆள் மாதிரி ஆனது. மகள் சாப்பிடுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவரைப் பிடித்துவிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அந்த நேரம் எங்கள் கரையோரத்துப் பள்ளிக்கூடங்களை எந்த மொழியில் நடத்துவது என்று அரசாங்கத்தில் ஒரு கேள்வி இருந்ததாம். உடப்பைப் பற்றிச் சந்தேகம் இல்லை. தெற்கே சின்னச் சின்ன மீன்பிடி வாடிகளில் இருந்தவர்கள்தான் சிக்கல். இரண்டு மொழியும் பேசுவார்கள். நீங்கள் யார் என்று கேட்டால் கேட்கிற ஆளைப் பார்த்துப் பதில் சொல்வார்கள்.

"அதனால் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்" என்றார். மகளைப் பார்த்துச் சிரித்தார். இதைத்தான் வகுப்பிலும் சொன்னாராம், பிள்ளைகள் எல்லோரும் எழுதிக்கொண்டார்களாம். கேட்டதற்கு வரும் பதிலை நம்பாதே. கையில் பாரம் இருக்கும்போது வாயில் வருவதை நம்பு. கரைவலை இழுக்கும்போது மனிதன் பொய் சொல்ல முடியாது. வலையின் அடிப்பையான மடி நிறைய மீனோடு கடல் பின்னுக்கு இழுக்கும், உடம்பு முழுவதும் கயிற்றில் இருக்கும், அப்போது எந்த மொழியில் அம்பா பாடுகிறானோ அதுதான் அவன் மொழி.

வெளியூர் வாசகர்களுக்காக: வலை இழுக்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் விசை கொடுப்பதற்காகப் பாடுவதுதான் அம்பா. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பின்பாட்டுச் சேர்ப்பார்கள்.

தெற்குவாடிக்கு அவர் பல நாள் போயிருக்கிறார். போன நாளெல்லாம் சிங்களத்தில்தான் பாடினார்கள் என்றார். பாட்டெடுத்துக் கொடுத்தவர் ஓர் இளைஞர், அப்படி ஒரு குரலைப் பிறகு நான் கேட்டதில்லை என்றார். மெல்ல அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே, மேசையில் இருந்த கரண்டியைக் கயிறுபோல வலது கையால் பிடித்துக் காட்டினார். சின்ன விரலையும் பக்கத்து விரலையும் மடக்கி, மற்ற விரல்களால் மட்டும் பிடித்தார்.

"அவருக்கு இந்த இரண்டு விரலும் நிமிராது. திருக்கை முள் குத்தியதாம். இப்படித்தான் பிடிப்பார்."

அந்தக் கையில் நான் சோறு வாங்கித் தின்றிருக்கிறேன். அந்த மடங்கிய விரல்களுக்குள் என் விரலைச் செருகிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறேன்.

"அது என்னுடைய அப்பா" என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. எல்லோருக்கும் விளங்கியது.

அவர் எழும்பி வந்து என் இரண்டு தோளையும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. மகள் கைதட்டினாள். சுகந்திக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா கலியாணம் முடித்த புதிதில் சகலன் இழுக்கிற தெற்குவாடி வலைக்குப் போய் நின்று பாடிக் கொடுத்தவராமே, மாமி சொல்லியிருக்கிறாவே என்றாள். அந்தச் சந்தோஷத்திலேயே அடுத்ததையும் சொன்னாள். அவளுக்கு அது ஒரு பகிடிக்கதை, அவ்வளவுதான்.

"அது ஐயா உங்களுக்காகப் பாடினது. எங்கட கரையில வெளியாள் வந்து நிண்டா அவரையும் கயித்தில கைவைக்கச் சொல்லுவாங்க. அவர்ர பேரப் போட்டு, அவர்ர பாஷையில பாடுவாங்க. விருந்தாளி வேற ஆளா நிண்டு பாத்தா மடியில கண்ணு பட்டுரும் எண்டு. பாதிரியார் வந்தா யேசுவப் பாடுவாங்க. யாழ்ப்பாணத்தில இருந்து வங்கி மனேஜர் வந்தப்ப அவங்க கதைக்கிற மாதிரி இழுத்து இழுத்துப் பாடி, மனுசன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்."

அவர் இன்னும் சிரித்த முகத்தோடு இருந்தார். "ஆனால் அம்மா, நான் ஒரு நாள் போகவில்லை. போன நாளெல்லாம்..."

"நீங்க போன நாளெல்லாம் நீங்க அங்க நிண்டீங்கதானே ஐயா."

"உடப்பில் தமிழில் பாடினார்களே, நான் இருக்கும்போதே."

"உடப்பில நீங்க ஒரு வருசம் இருந்த வீட்டுப்புள்ள. தெற்குவாடியில விருந்தாளி."

சுகந்தி குழம்புச் சட்டியைத் திறந்து அவருக்கு இன்னொரு கரண்டி போட்டாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதிரில் மகளின் முகம் வெளுத்திருந்தது. நான்தான் கேட்டேன். அதைக் கேட்க எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது. தெற்குவாடிப் பள்ளிக்கூடத்தைச் சிங்களமாக்கியது அதை வைத்துத்தானா?

அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார். அப்படி ஆக்க வேண்டும் என்று விரும்பியவர்கள் வேறு பேரும் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் படித்த ஒருவனின் வாக்கு தேவைப்பட்டது. ஒரு சொல்லில் பதில் கேட்டார்கள். நான் ஒரு சொல்லில் கொடுத்தேன்.

பிறகு, "ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே" என்றார். அதைத் தமிழில் சொன்னார்.

4

அவரைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டேன். வழியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று. ஓம் என்றேன். தலையை ஆட்டினார். பேருந்தில் ஏறிய பிறகு கண்ணாடிக்கு உள்ளே இருந்து கைகூப்பினார். நானும் கூப்பினேன். அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தெற்குவாடிப் பள்ளிக்கூடம் ஒரே ஒரு மண்டபம். கடற்பக்கம் அரைச்சுவர். பெரியண்ணன் அங்கே தமிழில் எழுத்துப் படிக்கத் தொடங்கிய பிள்ளை என்று அம்மா ஒரு முறை சொல்லியிருக்கிறா. பிறகு தமிழ் வாத்தியாருக்கு மாற்றம் வந்தது. தமிழில் படிப்பதென்றால் ஐந்து மைல் மணலில் நடந்து உடப்புக்கு வர வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்? பெரியம்மா பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அவர் செய்தது அவ்வளவுதான். அந்த ஒன்றுக்காக அவருக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரோடேயே நாங்கள் வளர்ந்தோம்.

வீட்டுக்கு வந்தபோது மிதுனா கோபமாக இருந்தாள். யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. "ஏன் ஒருவருமே அவரிடம் சொல்லவில்லை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். விருந்தாளியிடம், உங்களுக்காகத்தான் பாடுகிறோம் என்று யாராவது சொல்வார்களா என்றேன். பிறகு, "அப்படியென்றால் பெரியம்மாவின் பிள்ளைகள் உண்மையில் யார்?" என்று கேட்டாள். அந்தப் பேராசிரியரிடம் அதிகாரிகள் கேட்டதும் இதைத்தானே என்று மனதுக்குள் வந்தது. சொல்லவில்லை. அவளுக்கு இருபது வயது.

அடுத்த நாள் இடைவேளையில் என்னோடு நின்று மீன் வெட்டும் மாரித் என்ற பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் நோர்வேயின் வடக்கே இருக்கிற சாமி என்ற பழங்குடி இனத்தவள். அவளுடைய பாட்டன்மாரின் மண்டையை அளந்தவர்கள் இந்த நாட்டுப் படித்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சொந்த மொழி பேசவிடாமல் வளர்த்தார்கள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் கோப்பியை வைத்தாள். "எங்களிடம் அளவுகோலோடு வந்தார்கள். உங்களிடம் பாட்டுக் கேட்க வந்திருக்கிறார்கள். உங்களுடைய ஆள் நல்ல ஆள்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு, "முடிவில் பள்ளிக்கூடம் ஒன்றுதான்" என்றாள்.

5

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு எடுத்தேன். எடுக்குமுன் என்ன சொல்வது என்று பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்பா அதிர்ந்துபோவார், மெல்லத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வசந்தியிடம் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும்படி முதலே சொல்லியிருந்தேன்.

பேராசிரியர் வந்ததையும் அவர் விரலை மடக்கிக் காட்டியதையும் சொன்னேன். அப்பா, "அந்த மாத்தயா இன்னும் இருக்கிறாரா? நல்ல மனுசன். கயிறு பிடிச்சு உள்ளங்கையெல்லாம் உரிஞ்சுபோய் நிப்பார்" என்றார். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. குரலில் ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது. நான் மற்றதையும் சொன்னேன். பாட்டு. பள்ளிக்கூடம். வாத்தியாரின் மாற்றம். பெரியம்மாவில் ஒரு பிழையும் இல்லை அப்பா என்று முடித்தேன்.

அந்தப் பக்கம் அலைச் சத்தமும் ஒரு முச்சக்கர வண்டி போகும் சத்தமும் கேட்டது. அழுகிறாரோ என்று பயந்தேன்.

"தெரியும்" என்றார் அப்பா.

எனக்கு விளங்கவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன்.

"பாட்டாலதான் எண்டு தெரியும். அடுத்த வருசமே சம்மாட்டி சொன்னார். கச்சேரியில கதைச்சாங்களாம், அவங்க சிங்களத்தில அம்பா பாடுற ஆக்கள்தானே எண்டு. நான் முதல்ல சிரிச்சன். பகிடி எண்டுதான் நினைச்சன். பிறகு வாத்தியார் பெட்டியத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு நிண்டதக் கண்டன்."

கச்சேரி என்பது அரசாங்க அலுவலகம். சம்மாட்டி என்பவர் கரைவலைக்குச் சொந்தக்காரர். அவர் செத்து எத்தனையோ காலம்.

நான் கதிரையில் இருந்தேன். சுகந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் கேட்டேன். தெரிந்துகொண்டா அப்பா இவ்வளவு காலமும் பெரியம்மாவை ஏசினீங்க?

"யாரையாவது ஏசத்தானே வேணும்."

தொலைபேசியை வசந்தி வாங்கி வைத்துவிட்டாள்.

பல வருடம் இந்தக் குளிரில் இருந்து நான் அப்பாவை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அரசாங்கம் இழுத்த பக்கத்துக்கு எல்லாம் போகாத மனிதர், தன் மொழியில் நின்ற மனிதர் என்று மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு ஊரில் இப்படி ஒரு ஆள் தேவைப்படுகிறது. அந்தப் பின்நேரம் எனக்கு இருந்ததைச் சொல்லத் தெரியவில்லை. தொழிற்சாலையில் சில வேளை காது மூடியைக் கழற்றியவுடன், இவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தது என்ன சத்தம் என்று திடுக்கிடுவோமே, அப்படி ஒன்று.

பேராசிரியருக்குத் தெரியாது. அவருடைய பிழையில் ஒரு நேர்மை உண்டு. அப்பாவுக்குத் தெரியும். எதிலிருந்து எதைக் கூட்டிக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து வசந்தி எடுத்தாள். அப்பா சரியாகச் சாப்பிடவில்லையாம். அன்று காலையில் கூப்பிட்டு, மரகதத்தை வரச் சொல்லு என்றாராம்.

6

திதி அன்று நான் வேலைக்கு லீவு போட்டேன். மிதுனாவும் வகுப்புக்குப் போகாமல் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் கேட்கவில்லை, தானாக வந்தாள். வசந்தி தொலைபேசியை அலுமாரியில் சாய்த்து வைத்திருந்தாள். எங்கள் விறாந்தை முழுவதும் தெரிந்தது. ஐயர் வந்து கிரியை முடித்துப் போனார். அம்மாவின் படத்துக்கு முன்னால் படையல் இருந்தது.

பெரியம்மா ஒரு கதிரையில் இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். கூட வந்தது ஒரு பேத்தி, பாட்டியின் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். யாரும் கதைப்பது அவளுக்கு விளங்காததால் எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு முன் அப்பா பெரியம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். வேட்டி நுனியைக் கையில் பிடித்திருந்தார். நான் இங்கே தொலைபேசிக்கு முன்னால் எழும்பி நின்றேன். என் கூச்சம் அப்பாவிடமிருந்துதான் வந்ததோ என்று அப்போதுதான் தோன்றியது. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒன்றையும் விடவில்லை. மாத்தயா வந்தது, பாடியது, சம்மாட்டி சொன்னது, வாத்தியார் போனது. தனக்கு எப்போது தெரியும் என்பதையும் சொன்னார்.

பெரியம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழவில்லை.

"அடுத்த வருசமே தெரியுமா தம்பி?"

"ஓம் மச்சாள்."

"அப்ப சுந்தரத்துக்கு ஆறு வயசு."

அப்பா வேட்டி நுனியை முறுக்கினார்.

"அவன் நேவியில சேந்தப்ப ஆள் விட்டு ஏச்சுச் சொல்லி அனுப்பினீங்க. அப்பயும் தெரியும்."

"தெரியும்."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"அவவுக்கு நான் சொல்லல்ல."

பெரியம்மா அம்மாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். வசந்தி அழுதுகொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். பேத்தி பயந்துபோய், என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டாள். பெரியம்மா அவளுடைய கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். பிறகு எல்லோரோடும் இருந்து சாப்பிட்டார். மெல்ல, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடியும் வரைக்கும் அப்பா உட்காரவில்லை.

கை கழுவி வந்து புறப்படும்போது பெரியம்மா சொன்னார்.

"நான் தங்கச்சிக்காக வந்தன் தம்பி. மன்னிக்கிறதுக்கு வரல்ல. அது எனக்கு மட்டும் உள்ள கணக்கு இல்ல. என்ட புள்ளைகள் நாலு பேரும் தங்கள சின்னம்மா வீட்டில ஏன் ஒதுக்கினாங்க எண்டு தெரியாமயே கிழடாகிட்டாங்க. நீங்க வீட்டுக்கு வாங்க. அவங்களுக்கு நீங்களே சொல்லுங்க. அவங்களுக்கு விளங்குற பாஷையில சொல்லுங்க. உங்களுக்கு அது நல்லா வரும்."

பெரியம்மாவின் பேச்சுப் பிடிபடாமல் மிதுனா என் கையைப் பிடித்து, என்ன சொன்னார் என்று கேட்டாள். நான் நோர்வேஜிய மொழியில் சொன்னேன். பாதியோடு நிறுத்திவிட்டேன். மிச்சத்தை அவளே விளங்கிக்கொண்டாள்.

விறாந்தையில் அப்பா இன்னும் நின்றுகொண்டிருந்தார். பெரியம்மா படலை வரைக்கும் போய்விட்டார். முச்சக்கர வண்டிக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்போது அப்பா முற்றத்தில் இறங்கி, கையை நெற்றிக்கு வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு கேட்டார்.

"மச்சாள், தெற்குவாடிக்கு இப்ப எந்த பஸ் போகுது?"